ஓட்டைகளை வாசிக்கும் டோரின்

டோரின் பேர்னாட் ஓட்டைகளை வாசிப்பாள். சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், பிறகு சொல்கிறேன்.

கொழும்பு, பொரளையில் ஓர் அரசாங்கத் திணைக்களத்தில் 1974ஆம் ஆண்டு அவள் பஞ்ச் ஒப்பரேட்டராகச் சேர்ந்தாள். அப்போது அவளுக்கு வயது இருபத்தொன்று. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு எதையாவது சொல்ல வேண்டுமானால் கார்ட்டில் ஓட்டை போட்டுத்தான் சொல்ல வேண்டும். கார்ட் என்பது தபாலட்டையைவிட நீளமான ஒரு மெல்லிய மட்டை. அதில் எண்பது நிரல்கள், ஒரு நிரலுக்கு ஓர் எழுத்து. எந்த வரிசையில் ஓட்டை விழுந்திருக்கிறது என்பதை வைத்து அது A என்றோ Z என்றோ கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும். மனிதர்கள் கண்டுபிடிக்கத் தேவையில்லை. ஓட்டை விழும்போதே பஞ்ச் மெஷின் கார்ட்டின் மேல் விளிம்பில் அதே எழுத்தை மையாலும் அடித்துவிடும்.

டோரினுடைய மெஷினில் மட்டும் அந்த மை றிபன் அவள் சேர்ந்த வருடமே காய்ந்துபோனது. புதிய றிபன் கேட்டு அவள் எழுதிய கடிதத்துக்குத் திணைக்களம் இன்றுவரை பதில் போடவில்லை. கார்ட் வெறுமையாகவே வந்து விழுந்தது. ஆறு மாதம் எரிச்சல்பட்டாள். ஏழாம் மாதம் தன்னையறியாமலே ஓட்டைகளை வாசிக்கத் தொடங்கிவிட்டாள். நாம் பேப்பரில் தலைப்பு வாசிக்கிற மாதிரி, கார்ட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஊர், பெயர், பிறந்த திகதி எல்லாம் சொல்லுவாள். பக்கத்து மெஷின்காரிகள் அதை ஒரு வித்தை என்றுதான் நினைத்தார்கள், வேலை என்று நினைக்கவில்லை. அவளும் அதை வேலை என்று நினைக்கவில்லை.

பஞ்ச் ரூமில் பன்னிரண்டு பெண்கள். அங்கே ஒரு சட்டம் உண்டு: ஒருத்தி அடித்த கார்ட்டை அவளே சரிபார்க்கக் கூடாது. இன்னொருத்தி அதே மூலத் தாளைப் பார்த்து, சரிபார்க்கும் மெஷினில் முதலிலிருந்து மறுபடி அடிப்பாள். இரண்டும் ஒத்துப்போனால்தான் அந்தக் கார்ட் உள்ளே போகும். டோரின் அடிப்பதைச் சரிபார்க்கிறவள் கிராண்ட்பாஸ்காரி ஸமீமா. இருவரும் காலையில் ஒரே பஸ்ஸில் வந்து, பகல் முழுவதும் ஒருத்தியின் பிழையை மற்றவள் பிடித்து, மாலையில் ஒரே பஸ்ஸில் போவார்கள். சிநேகிதம் கெடவில்லை என்பதே பெரிய விசயம்.

உள்ளே என்றால் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே. கார்ட்டுகள் பெட்டி பெட்டியாக அதற்குள் போகும், தாள்கள் மடிப்பு மடிப்பாக வெளியே வரும். இடையில் என்ன நடக்கிறது என்று பஞ்ச் ரூம் பெண்களுக்கு எவரும் சொன்னதில்லை, அவர்கள் உள்ளே போகவும் அனுமதியில்லை. தூசி வரும் என்று காரணம் சொன்னார்கள். புரோகிராமர்களின் சப்பாத்தில் தூசி இருக்காது போலும். எட்டு வருடம் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே டோரின் வேலை செய்தாள். அவளுக்கு அந்த மெஷினுக்குத் தீனி போட்டு அலுத்துவிட்டது. அதற்குக் கட்டளை போட வேண்டும் என்று ஆசை. இந்த ஆசையை அவள் ஸமீமாவுக்கு மட்டும் சொல்லியிருந்தாள்.

1982இல் சுற்றறிக்கை வந்தது. வருட முடிவோடு பஞ்ச் ரூம் மூடப்படும், இனித் தட்டச்சுப் பலகையும் திரையும் உள்ள சின்னக் கம்ப்யூட்டர்கள்தான். பன்னிரண்டு பேரையும் வெளி மாவட்டக் கந்தோர்களுக்குத் தட்டச்சாளராக அனுப்புவார்கள். டோரினின் பெயருக்கு எதிரே பதுளை என்று இருந்தது, மலைநாட்டில், ரயிலில் ஒரு பகல் பயணத் தூரம். கொட்டாஞ்சேனை வீட்டில் அம்மா புளோறன்ஸ் ஒருத்திதான். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த அப்பா பேர்னாட் மகளின் பள்ளிக்கூட நாட்களிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். தான் எழும்பிப் போவதென்றால் தேவாலயத்துக்கும் கல்லறைக்கும் மட்டும்தான் என்று அம்மா தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

அதே சுற்றறிக்கையின் கடைசியில், கண்ணில் படாத இடத்தில், உதவிப் புரோகிராமர் பதவி ஒன்று காலி என்று இருந்தது. திணைக்களத்தில் வேலை செய்கிற எவரும் விண்ணப்பிக்கலாம். சொந்தமாக எழுதிய ஒரு சிறு புரோகிராமை நேர்முகத்தில் இயக்கிக் காட்ட வேண்டும். கந்தோர்க்காரர் சுற்றறிக்கையை மேலிருந்து வாசித்துப் பாதியில் விட்டுவிடுவார்கள். டோரின் எழுத்துக்கு எழுத்து வாசித்துப் பழகியவள். விண்ணப்பித்தாள்.

புதிய சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று பரீட்சார்த்தமாக வந்து ஒரு தனி அறையில் இருந்தது. அந்த அறையின் சாவி புரோகிராமர் கிளறன்ஸிடம். கிளறன்ஸ் மனம் கெட்டவன் அல்ல, வாய்தான் கொஞ்சம் கெட்டது. பஞ்ச் அடிக்கிறவைக்கு இது சரிவராது என்று சொல்லிக்கொண்டே சாவியையும், கூட வந்த கைநூலையும் கொடுத்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஒரு மணித்தியாலம் அவளுக்கு. சோற்றுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டே கைநூலைப் படித்தாள். பேசிக் என்ற மொழியில் முதன்முதலாக அவள் சொன்னதைக் கேட்டு அந்த மெஷின் பத்து வரை எண்ணிக் காட்டியபோது, அவள் கதிரையை விட்டு எழும்பி நின்றுவிட்டாள். எட்டு வருடம் அவளோடு ஒரு வார்த்தை பேசாத மெஷின் சாதி, இப்போது சொன்ன சொல்லைக் கேட்கிறது. சாப்பாடு ஆறிப்போனது. ஆறட்டும்.

என்ன புரோகிராம் எழுதுவது? மற்ற விண்ணப்பக்காரர்கள் வட்டி, வரி என்று போனார்கள். டோரினுக்குத் தெரிந்தது கார்ட். நீங்கள் ஒரு பெயரைத் தட்டினால் அந்தப் பெயரைப் பஞ்ச் கார்ட்டாகவே வரைந்து காட்ட வேண்டும்: இடது மூலை வெட்டிய மட்டை, மேல் விளிம்பில் எழுத்து, அதன் கீழே சரியான இடங்களில் கறுப்புச் சதுர ஓட்டைகள், பக்கத்தில் இருக்கிற பிரிண்டரில் தாளில் வந்து விழ வேண்டும். யாருக்கு என்ன பிரயோசனம் என்று கிளறன்ஸ் கேட்டான். பிரயோசனத்தைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை. நினைத்தாலே அவளுக்கு உள்ளங்கை வியர்த்தது.

கார்ட்டில் எழுத்துகள் மூன்று குடும்பங்கள். A முதல் I வரை உள்ளவர்களுக்கு உச்சி வரிசையில் ஓர் ஓட்டை, J முதல் R வரை இரண்டாம் வரிசையில், S முதல் Z வரை பூச்சிய வரிசையில். அதோடு குடும்பத்துக்குள் அந்த எழுத்து எத்தனையாவது பிள்ளையோ, அந்த இலக்க வரிசையில் இன்னோர் ஓட்டை. இருபத்தாறு எழுத்துக்கும் ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டிருக்கலாம். அது அவளுக்கு மானக்கேடாகப் பட்டது. எந்தக் குடும்பம், எத்தனையாவது பிள்ளை என்று மெஷினே கண்டுபிடிக்கிற மாதிரி மூன்றே வரியில் அடக்கினாள். கொட்டாஞ்சேனை பஸ்ஸில் நின்றபடி அந்த மூன்றாவது வரி மனசில் வந்தபோது இறங்க வேண்டிய தரிப்பைத் தாண்டிப் போய்விட்டாள்.

மூன்று கிழமைக்குப் பிறகு பிரிண்டர் கிறீச்சிட்டு முதல் கார்ட்டைத் தந்தது. DOREEN BERNARD. ஓட்டைகளை வாசித்தாள். ஒரு பிழை இல்லை. அம்மாவின் பெயரைத் தட்டினாள், FLORENCE, அதுவும் பத்தரை மாற்று. சாவி கொடுத்த தோஷத்துக்காக CLARENCE. அதுவும் சரி. பிறகு ஆசை தீராமல் தன் பெயரையே பதினைந்து தடவை அடித்தாள். தாள் முழுவதும் டோரின் பேர்னாட். தன் பெயர் அத்தனை வடிவாக அவளுக்கு முன்பு தெரிந்ததில்லை.

இவ்வளவும் ஸமீமாவுக்குக் காட்டியிருக்க வேண்டும். ஸமீமா மூன்றாவது பிள்ளைக்கு லீவில் நின்றாள். வேறு எவருக்கும் காட்ட டோரினுக்கு மனமில்லை. காரணம், கன்ரீனில் ஒரு கதை உலாவத் தொடங்கியிருந்தது: எல்லாம் கிளறன்ஸ் எழுதிக் கொடுத்ததாம், சும்மாவா சாவி கொடுத்தான் என்று. கிளறன்ஸை எவரோ கேட்டதற்கு அவன் ஓம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் மீசைக்குள் சிரித்தானாம். அந்தச் சிரிப்பைக் கேள்விப்பட்ட அன்று டோரினுக்கு வந்த ஆத்திரம் இலேசானதல்ல.

நேர்முகம் ஒக்டோபரில் ஒரு வியாழக்கிழமை காலை, அந்தக் கம்ப்யூட்டர் அறையிலேயே. இரண்டு பேர் கொண்ட சபை. பிரதிப் பணிப்பாளர் சுந்தரலிங்கம், வெள்ளவத்தைக்காரர், முகத்தில் சிரிப்பைச் சிக்கனமாகப் பாவிக்கிறவர். மற்றவர் நிருவாகத்தைச் சேர்ந்த திருமதி அமரகோன். மெஷினைப் பார்த்துக்கொள்ளக் கிளறன்ஸ் ஒரு மூலையில் நின்றான். டோரின் தன் பெயரை அடித்துக் காட்டினாள். கார்ட் வந்தது. இருவரும் பார்த்தார்கள். திருமதி அமரகோன் தாளைக் கீழே வைத்துவிட்டு ஆங்கிலத்தில் நேராகவே கேட்டார், இதை எழுத எவர் உதவி செய்தது என்று. எவரும் இல்லை என்றாள். அவர் ஒரு தடவை கிளறன்ஸைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். நம்பவில்லை என்பது சொல்லாமலே விளங்கியது.

டோரினுக்குப் பதுளை ரயிலின் சத்தமே காதுக்குள் கேட்டது.

அந்த நேரம் பியோன் சூசைதாசன் தேத்தண்ணீர்த் தட்டோடு வந்தார். ஆள் கொட்டாஞ்சேனைதான், சின்ன வயதிலிருந்தே டோரினைத் தெரியும். ஆயத்தம் செய்து வராத ஒரு பெயரை அடித்துக் காட்டச் சொன்னார் சுந்தரலிங்கம். கண்ணில் பட்டது சூசைதாசன், அவருடைய பெயரே ஆகட்டும் என்றார். டோரின் தட்டினாள். SOOSAITHASAN. பிரிண்டர் கிறீச்சிட்டது.

சுந்தரலிங்கம் தாளைக் கிழித்து எடுத்தார். மேல் விளிம்பில் பெயர் அழகாக இருந்தது, கீழே ஓட்டைகள். நல்லது என்று தலையாட்டினார். திருமதி அமரகோனும் பார்த்துத் தலையாட்டினார். கிளறன்ஸ் எட்டிப் பார்த்து அவனும் ஆட்டினான். தன் பெயர் கம்ப்யூட்டரில் வந்த சந்தோசத்தில் சூசைதாசன் எல்லாரையும்விடக் கூட ஆட்டினார். நான்கு பேரும் பார்த்தது மேல் விளிம்பை.

டோரினின் கண் பழக்கதோசத்தில் ஓட்டைக்குப் போனது. முதலாவது நிரலில் S இல்லை, ஒரு சாய்கோடு. பிறகு O, O. மறுபடி சாய்கோடு. அப்புறம் A, I, S, H, A. பிறகும் ஒரு சாய்கோடு, A, N.

என்ன நடந்தது என்று அந்தக் கணமே அவளுக்கு விளங்கியது. முதல் இரண்டு குடும்பங்களிலும் ஒன்பது ஒன்பது பிள்ளைகள், ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். கடைசிக் குடும்பத்தில் எட்டே பிள்ளைகள். அந்தக் குடும்பத்தில் ஒன்றாம் இடம் சாய்கோட்டுக்குப் போய்விட்டது, S இரண்டிலிருந்துதான் தொடங்கும். எட்டு வருடமாக ஒவ்வொரு நாளும் கண்ணால் கண்டது. எழுதும்போது கணக்கின் அழகில் மயங்கி ஒன்றிலிருந்து எண்ணிவிட்டாள். அதனால் S சாய்கோடாகிவிட்டது, T போய் S ஆகிவிட்டது. DOREEN, BERNARD, FLORENCE, CLARENCE, ஒன்றிலாவது அந்தக் கடைசிக் குடும்பத்துப் பிள்ளை கிடையாது. ஸமீமா நின்றிருந்தால் தன் பெயரின் முதல் எழுத்திலேயே பிடித்திருப்பாள்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அந்த அறையில் அந்த ஓட்டைகளை வாசிக்கத் தெரிந்த இன்னோர் உயிர் இல்லை. தலையாட்டல்கள் எல்லாம் கிடைத்தாயிற்று, வேலையும் பெரும்பாலும் கிடைத்த மாதிரித்தான். அவள் அதை யோசிக்கவும் செய்தாள், பொய் சொல்லக் கூடாது. ஆனால் யோசித்து முடிவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்தினாள், நிற்கவில்லை. கண்ணால் தண்ணீர் வர, கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நேர்முகத்துக்கு வந்தவள் சபைக்கு முன் இப்படிச் சிரித்ததை அந்தத் திணைக்களம் கண்டதில்லை.

என்ன பகிடி என்று திருமதி அமரகோன் கேட்டார். குரலில் பனி உறைந்திருந்தது.

"பிழைச்சுப் போச்சு, மேடம். மேல பேர் சரி, ஓட்டை பிழை. சூசைதாசன் அண்ணைக்குள்ள ஒரு ஆயிஷா இருக்கிறா."

பிறகு விரலை வைத்து நிரல் நிரலாகக் காட்டினாள். இது A, இது I, இது S, இது H, இது A. சூசைதாசனுக்கு வியர்த்துவிட்டது. இந்தக் கதை வீட்டுக்குப் போகக் கூடாது, மனுசி அறிந்தால் விளக்கம் கேட்கமாட்டாள் என்று அவர் தட்டை வைத்துவிட்டுத் தாழ்மையாகக் கேட்டுக்கொண்டார். சுந்தரலிங்கம் சிரிக்கவில்லை. புரோகிராமை அச்சடித்து எடுத்துக் கிளறன்ஸின் கையில் கொடுத்து, பிழை எந்த வரியில் என்று காட்டச் சொன்னார்.

கிளறன்ஸ் பார்த்தான். மேலிருந்து கீழே பார்த்தான், கீழிருந்து மேலே பார்த்தான். மீசைக்குள் இப்போது ஒன்றும் இல்லை. கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு, இது நான் எழுதினதில்லை சேர் என்றான். இந்த ஒரு வசனத்துக்காக டோரின் இரண்டு மாதம் காத்திருந்தாள்.

அவள் போய் உட்கார்ந்தாள். வரியின் இலக்கத்தை ஒரு தடவை பிழையாகத் தட்டி மெஷினிடம் ஏச்சு வாங்கினாள். மறுபடி தட்டினாள். கடைசிக் குடும்பமாக இருந்தால் ஒன்றைக் கூட்டு, அவ்வளவுதான். பிரிண்டர் மறுபடி கிறீச்சிட்டது. வந்த கார்ட்டை வாசித்துப் பார்த்தாள். உள்ளே இப்போது சூசைதாசன் மட்டுமே இருந்தார்.

திருமதி அமரகோனுக்கு இன்னும் முகம் இளகவில்லை. பிழையான புரோகிராமைக் கொண்டுவந்து சபைக்கு முன்னால் வைத்தது வைத்ததுதானே என்று கேட்டார். நியாயமான கேள்வி.

"ஓம் மேடம். நான் அடிச்சதை நானே செக் பண்ணினனான், பஞ்ச் ரூமில நாங்கள் ஒருத்தரும் செய்யாத வேலை. இனி ஒரு நாளும் செய்யமாட்டன்."

திருமதி அமரகோன் சுந்தரலிங்கத்தின் பக்கம் சாய்ந்து சிங்களத்தில் மெதுவாக ஏதோ சொன்னார். அவரும் ஏதோ சொன்னார். திருமதி அமரகோன் பேனாவை மூடினார். அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று டோரினுக்கு விளங்கவில்லை.

சுந்தரலிங்கம் எழும்பினார். டோரினைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, அவரே கம்ப்யூட்டருக்கு முன் உட்கார்ந்து ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். முடிவதற்கு ஒரு யுகம் ஆனது. பிரிண்டர் நின்றதும் தாளை எடுத்தார். மேசையில் கிடந்த, கோடு கீறுகிற அடிமட்டத்தை வைத்து, எழுத்து இருக்கிற மேல் விளிம்பைக் கிழித்துச் சட்டைப் பைக்குள் போட்டார். ஓட்டைகள் மட்டும் உள்ள மிச்சத்தை அவளிடம் நீட்டினார்.

"வாசியும், பிள்ளை."

டோரின் தாளை இரண்டு கையாலும் பிடித்தாள். பூச்சியமும் எட்டும், Y. அடுத்தது O. அடுத்தது U. ஒவ்வொன்றாக உரத்துச் சொல்லிக்கொண்டு போனாள், குரல் முதலில் பரீட்சைக்குப் போன பிள்ளையின் குரலாகத்தான் இருந்தது. ஒரு வெற்று நிரல். பிறகு S. திருத்திய இடம், சரியாக இரண்டில் விழுந்திருந்தது, அந்தச் சந்தோசத்தில் சொல் என்ன என்பதை அவள் இன்னும் கவனிக்கவில்லை. T, A, Y என்று சொல்லி முடித்தபோதுதான் எழுத்துகள் ஒன்றுசேர்ந்தன.

YOU STAY.

குரல் அப்படியே நின்றுவிட்டது. கிளறன்ஸ், சூசைதாசன், திருமதி அமரகோன் எல்லாரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அந்தத் தாளில் வெறும் கறுப்புச் சதுரங்கள்தான்.

மிச்சமும் கிடக்கிறது என்றார் சுந்தரலிங்கம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தாளைத் தூக்கினாள். S, T, A, R, T. வெற்று நிரல். M, O, N, D, A, Y.

திங்கட்கிழமை கண்ணாடிக் கதவுக்கு உள்ளே. டோரின் தாளை மடிக்காமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். சுந்தரலிங்கத்தின் முகத்தில் சிக்கனமாக வைத்திருந்த சிரிப்பு வெளியே வரத் தொடங்கியிருந்தது.

"திங்கள் மட்டும் காத்திருக்கிறது என்னத்துக்கு, சேர்," என்றாள். "நான் இப்பவே வந்திட்டன்தானே."